பதினெட்டுக் கிலோமீட்டர்

ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று
38,000 என்ற எண்ணில்
முதல் மூன்றை விரலால் மறைத்துப் பார்த்தேன்.
எட்டாயிரம்.
அதுகூடக் கையில் இல்லை.

வீடு தேடிப்போய் ரத்தம் எடுப்பவள் நான்.
ஆளுக்கு நாற்பது ரூபாய்.
கோட்டையூரில் இரண்டு வீடு, பள்ளத்தூரில் மூன்று,
கானாடுகாத்தானில் ஒரே ஒருவர்,
ஐந்து வாசல் தாண்டி உள்ளே, சர்க்கரை முன்னூற்றுப் பத்து.
எல்லோரும் வெறும் வயிற்றோடு
என் மிதிக்குக் காத்திருப்பவர்கள்.
"ஏன்த்தா இவ்வளவு நேரம், காபி இல்லாம தல சுத்துது."
சுற்றத்தான் செய்யும்.
என் முழங்காலுக்கு மட்டும்
டெஸ்ட் எழுதியதில்லை யாரும்.
ரிசல்ட் எனக்கே தெரியும்.

சேவுகன்தான் சொன்னான்:
"புது வண்டி எதுக்கு, உன் சைக்கிளக் கொண்டா."
சோறு டெலிவரி பண்ணிய பையன் ஒருவன்
திருப்பூருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன மோட்டார்,
பின்சக்கரத்தோடு நாலாயிரத்து இருநூறு.
கன்ட்ரோலர், ஆக்சிலேட்டர், வயர் எல்லாம் ஆயிரத்து நூறு.
பேட்டரி ஐயாயிரம்.
"பழசுதான். பாதி உசிரு இருக்கு."
கூலி ஐந்நூறு.

இதே காரைக்குடியில்
முனீஸ்வரன் கோயில் தெருவில்
பழசு என்றால் விலை ஏறும்.
சேவுகன் கடையில் இறங்கும்.
நல்லவேளை, எனக்கு வேண்டியது
இந்தத் தெருவில் இருந்தது.

பத்தாயிரம் சீட்டை
இரண்டாயிரத்து நானூறு தள்ளி எடுத்தேன்.
"அவசரக்காரிக்குத்தான் கசரு" என்றாள்
கூட ஏலம் கேட்ட ராக்காயி.
கொலுசு இரண்டாயிரத்து முந்நூறுக்கு
அடகுக்கடை டப்பாவுக்குள் போனது.
சத்தமில்லாத கால் ஒன்றும் குறைச்சலில்லை,
விடியற்காலையில் நாய்கள் எழவில்லை.
இன்னும் தொள்ளாயிரம்.
சேவுகன் சம்சாரத்துக்குத் தைராய்டு,
மூன்று தடவை பார்க்க வேண்டும்.
லேப் எனக்குத் தரும் கழிவில் பார்த்துக் கழித்துக்கொண்டோம்.
அவள் நரம்பு மெல்லிசு.
முதல் குத்திலேயே எடுத்துவிட்டேன்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து
சேவுகன் தலையைச் சொறிந்தான்.
"பதினெட்டு கிலோமீட்டர் ஓடும். அதுக்கு மேல கேக்காத."
போய்வர இருபத்தெட்டு.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.
பத்துக் கிலோமீட்டரை எங்கே கொண்டுபோய் வைப்பது?
போகும்போது மோட்டாரில் போய்
வரும்போது மிதித்தால்
வெயில் ஏறும், ஐஸ் கரையும், ரத்தம் கெடும்.
அப்போதுதான் உறைத்தது.
போகும்போது என்னிடம் என்ன இருக்கிறது?
காலி டியூப், பஞ்சு, ஊசி, நான்.
எனக்கு எதற்கு கரண்ட்.

ஆக, இருட்டோடு மிதித்துப் போகிறேன்.
கடைசிக் கைக்குப் பிளாஸ்திரி ஒட்டி
பெட்டியைக் கேரியரில் கட்டியபிறகுதான்
சாவியைத் திருப்புகிறேன்.
ஆறு பேர் ரத்தம் பின்னால் உட்கார்ந்து வர
ரோடு தானாக உருள்கிறது.
"அக்கா, மிதிக்காமயே போறீங்க!"
கோட்டையூர்ப் பள்ளிக்கூடத்துப் பையன் கத்துகிறான்.
பாதியைத்தான் பார்த்திருக்கிறான் அவன்.

சார்ஜ் போட லேபில் ஒரு பிளக் கேட்டேன்.
"கரண்ட் பில்லு யார் கட்றது?" என்றார் முதலாளி.
அரை யூனிட்கூட வராது சார்,
நீங்க ஃபிரிட்ஜைத் திறந்து வச்சு
போன் பேசுற நேரம்.
கேட்டதும் கதவைச் சாத்தினார்.
மறுநாள் பிளக்கில் என் பேர் எழுதி
ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

திரும்பிவரப் பதினாலு.
பதினெட்டில் பதினாலு போக நாலு.
லேபிலிருந்து வீட்டுக்கு ஒன்றரை.
மிச்சம் இரண்டரை.
சீட்டு கேட்காதது, வட்டி கேட்காதது,
எந்த நோட்டிலும் எழுதாதது.
பதினோரு நாள் அதைத் தொடவேயில்லை.

நேற்று
கழனிவாசலுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில்
திரும்பவில்லை.
எங்கே போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
காற்று இருந்தது.
ஹாண்டிலில் இருந்த மூன்று விளக்கில்
பச்சை போய், மஞ்சள் போய்,
சிவப்பும் கண்ணடித்தது.
கண்ணடிக்கட்டும்,
மிதி இருக்கிறது.